பஞ்சு மொட்டே வராத புஸ்ஸி வில்லோ – என்ன செய்யலாம்?

அயாக்ஸ்காரன் | அக்டோபர் 30

எல்லோருக்கும் வணக்கம். கனடா ஒன்டாரியோவில் அயாக்ஸ் பக்கம் இருக்கிறோம். பின்வளவில் புஸ்ஸி வில்லோ என்ற புதர்ச்செடி ஒன்று நட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. வாங்கும்போது கூட இருந்த அட்டையில் குச்சி முழுக்க வெள்ளிநிறப் பஞ்சு மொட்டு. என் வீட்டில் இன்றுவரை ஒன்றுகூட வரவில்லை. இலை செழிப்பாக வருகிறது, ஆளுயரம் தாண்டி வளர்கிறது, பூச்சி புழு தொல்லையும் பெரிதாக இல்லை.

இதை நட்டதே மார்ச் மாதத்துக்காகத்தான். இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பனி பாதி கரைந்து, புல் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். வேலியோரம் கறுத்துப்போன பனிக்குவியல். சமையலறை ஜன்னலில் நின்று தேத்தண்ணீர் குடித்தால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. டூலிப் வர மே ஆகிவிடும். மனைவி இதற்குப் "பூவரசு" என்றே பெயர் வைத்துவிட்டா. படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கதியால் | அக்டோபர் 30

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குச்சி நுனியெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கிறதே. யார் வெட்டினது, எப்போது?

அயாக்ஸ்காரன் | அக்டோபர் 30

புல் வெட்ட வருகிற பையன்தான் அண்ணா. வருடா வருடம் அக்டோபர் நடுவில் எல்லாச் செடியையும் மெஷினால் பந்து மாதிரி உருட்டிவிட்டுப் போவான். குளிர்காலத்துக்கு முன் துப்புரவு என்று நானும் விட்டுவிடுவேன்.

கதியால் | அக்டோபர் 31

சரி, கள்ளனைப் பிடித்தாயிற்று. செடியில் குற்றமில்லை.

இது பூப்பது வசந்தத்தில். ஆனால் மொட்டுக் கட்டுவது முந்தின கோடையில். மே தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும் புதுக்குச்சி இருக்கிறதே, அதன் கணுக்களில்தான் அடுத்த வருடப் பூ முழுவதும் உட்கார்ந்திருக்கும். இலை உதிரும்போது மொட்டு தயார், குளிர் முடியட்டும் என்று காத்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் பையன் அக்டோபரில் நுனியை எடுத்தால் மார்ச் மாதத்தை அப்படியே குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்த கணக்கு. மூன்று வருடமாக அதுதான் நடந்திருக்கிறது.

இதை வெட்ட ஒரே நேரம்தான் உண்டு: பஞ்சு முடிந்த பிறகு, இலை முழுதாக விரிவதற்கு முன். ரொறொன்ரோ பக்கம் அது ஏப்ரல் கடைசி. அப்போது தாராளமாக வெட்டலாம். நான் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் கிழட்டுத் தண்டுகளை மட்டும், தரையோடு எடுத்துவிடுவேன். முழுவதையும் முழங்காலுக்குக் கீழே மொட்டையடித்தாலும் சாகாது. கரும்பு மறுதாம்பு விடுவதுபோல அடியிலிருந்து நேர்நேராகத் துளிர்த்து, அந்தக் கோடையிலேயே நெஞ்சளவு வந்துவிடும். அப்படி வரும் நேர்க்குச்சியில்தான் மொட்டு பருமனாக இருக்கும். வெட்டாமல் விட்ட மரத்தில் மொட்டெல்லாம் சிறுத்து உச்சியில் போய் இருந்துகொள்ளும், அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

இந்த வருடம் போனது போகட்டும் என்று சொல்ல மாட்டேன். பையன் கை எட்டாத கீழ்க்கிளை ஏதாவது மிச்சம் இருக்கும். தேடிப் பாருங்கள்.

மதுரைமல்லி | அக்டோபர் 31

கதியால் ஐயா சொன்னதேதான். எப்படித் தேடுவது என்று மட்டும் சொல்கிறேன். இலை மொட்டு ஒல்லியாக, குச்சியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். பூ மொட்டு நெல்மணியை விடக் கொஞ்சம் பருத்து, வெளியே துருத்தி, பளபளப்பாக இருக்கும். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். மேலிருந்து கீழே குச்சியைத் தடவினால் தட்டுப்படும்.

வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான மரங்களின் மொட்டை மூடிக்கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட செதில் இருக்கும். வில்லோவுக்கு ஒற்றைத் தொப்பிதான். வெயில் ஏறும்போது அந்தத் தொப்பி முழுசாகக் கழன்று விழும். போன மார்ச்சில் ஒரு நாள் காலை, என் வீட்டுச் செடியில் பாதித் தொப்பி கழன்று, குரங்குக் குல்லா போட்ட குழந்தை மாதிரி பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம்.

அப்புறம் பெயர் விஷயம். இதைத் தமிழில் "பூனைவால்" என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். ஊரில் பூனைவால் என்றால் சிவப்புச் சிவப்பாக வால் தொங்கும் வேறு செடி. பூனைவணங்கி என்றால் குப்பைமேனி. அந்த இரண்டும் ஒரே குடும்பம், இதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நம்மூர் மலையோடைக் கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலைதான் வில்லோவுக்கு உண்மையான சொந்தக்காரன், தாவரவியலில் வில்லோக்களுக்குச் சொல்கிற இதே சாலிக்ஸ் பேரினம்.

அயாக்ஸ்காரன் | நவம்பர் 1

தேடிவிட்டேன்! வேலிப் பக்கம் மெஷின் போகாத இடத்தில் எட்டுக் குச்சி தப்பியிருக்கிறது. அக்கா சொன்னது சரி, விரலுக்குத் தெரிகிறது. பையனுக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று, இனி அந்தச் செடிப் பக்கம் போக மாட்டான்.

இன்னொரு கேள்வி. கறுப்பு மொட்டு, ரோஸ் மொட்டு என்றெல்லாம் படம் பார்க்கிறேன். அவை உண்மையா, கணினியில் நிறம் மாற்றியதா?

கிரோய்டன்வாசி | நவம்பர் 2

உண்மைதான். இரண்டும் என்னிடம் இருக்கிறது. இரண்டும் ஜப்பான் பக்கத்து சாலிக்ஸ் கிராசிலிஸ்டைலா என்ற ஒரே இனத்து வகைகள். கறுப்புக்கு மெலனோஸ்டாக்கிஸ் என்று பெயர். ரோஸுக்கு மவுண்ட் ஆசோ. ஆசோ என்பது கியூஷு தீவில் இருக்கிற எரிமலை.

கறுப்பு வகையைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். கையில் வைத்துப் பார்த்தால் அதற்கு ஈடு கிடையாது. கரிக்கட்டை நிறத்தில் மொட்டு, அதற்குள்ளிருந்து செங்கல் நிற மகரந்தப் பைகள் வெளிவந்து, பிறகு மஞ்சளாக மாறும். ஆனால் தோட்டத்தில் இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது! நான் முதலில் நட்டது கறுப்புச் சாயம் பூசிய வேலிக்கு முன்னால். என் புத்தியை என்ன சொல்வது. லண்டனில் பின்னால் நிற்கப் பனியும் கிடையாது. கடைசியில் பிடுங்கி வாசற்கதவோரம் நடைபாதைப் பக்கம் வைத்தேன், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்.

வெள்ளி மொட்டுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மார்ச் வானமும் சாம்பல், மொட்டும் சாம்பல். பின்னால் கரும்பச்சையாக ஏதாவது இருக்க வேண்டும், ஊசியிலை வேலியோ ஐவி படர்ந்த சுவரோ. இல்லாவிட்டால் சாயங்கால வெயில் செடிக்குப் பின்னாலிருந்து வரும்படி வையுங்கள். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மொட்டைச் சுற்றியும் ஒரு ஒளிவட்டம் கட்டும், அதுவும் அரை மணி நேரம்தான். எந்த வகை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். எதற்கு முன்னால் வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அயாக்ஸ்காரன் | நவம்பர் 2

என் செடிக்குப் பின்னால் சீடர் மரப் பச்சை வேலி இருக்கிறது. தெரியாமல் சரியாகச் செய்திருக்கிறேன்! கடைகளில் குடை மாதிரித் தொங்கும் சின்ன மரம் ஒன்று பார்த்தேன், அதுவும் இதுதானே?

கிரோய்டன்வாசி | நவம்பர் 3

அது கில்மார்னக். ஸ்கொட்லாந்தில் ஏர் ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த தொங்கு வகை, கில்மார்னக் ஊர் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் விற்கத் தொடங்கியதால் அந்தப் பெயர். தாய் இனம் இங்கே காட்டில் தானாக வளரும் சாலிக்ஸ் காப்ரியா. நேராக நிற்கும் வேறு வில்லோத் தண்டின் தலையில் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். எந்த உயரத்தில் ஒட்டினார்களோ அந்த உயரம்தான், குடை மட்டும் அகலும். சின்ன முற்றத்துக்கு நல்லது.

ஆனால் ஒட்டுக்குக் கீழே தண்டில் துளிர் வந்தால் அன்றன்றே கிள்ளிவிட வேண்டும். என் அண்ணன் வீட்டில் "ஐயோ பாவம் துளிர்க்கிறது" என்று விட்டார்கள். இரண்டே வருடத்தில் அடிச்செடி மேலே போய்விட்டது. குடை உள்ளுக்குள் காய்ந்துபோனதை யாருமே கவனிக்கவில்லை.

கல்கரி_குளிர் | நவம்பர் 5

மேற்கிலிருந்து ஒரு எச்சரிக்கை. படத்தைப் பார்த்து மயங்கிக் கறுப்பு வகையை நானும் வாங்கினேன். முதல் குளிர்காலத்திலேயே பனிக்கு மேல் நின்ற தண்டெல்லாம் செத்துவிட்டது. பனிக்குள் புதைந்திருந்த ஒரு சாண் மட்டும் துளிர்த்தது. மூன்று வருடம் இதே கதை, பூவே பார்க்கவில்லை. இங்கே நின்று பிடிப்பது இந்த மண்ணின் செடியான சாலிக்ஸ் டிஸ்கலர்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள், மேலே பச்சை, அடியில் வெளுப்பு. டிஸ்கலர் என்ற பெயரே அந்த இரண்டு நிறத்தால் வந்தது.

எங்களுக்கு இன்னொரு கூத்து. மலையைத் தாண்டி சினூக் காற்று அடித்தால் ஜனவரியில் ஒரே நாளில் உறைபனி போய் வசந்தம் மாதிரி ஆகிவிடும். செடி ஏமாந்து தொப்பியைக் கழற்றிவிடும். மறுவாரம் மைனஸ் இருபது! ஆனாலும் பஞ்சு கருகுவதில்லை. அந்த மயிரெல்லாம் உள்ளே இருக்கும் பூவுக்குக் கம்பளி.

குழாய்க்காரன் | நவம்பர் 6

எல்லோரும் அழகைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறு விஷயத்தைக் கிளப்புகிறேன், கோபிக்க வேண்டாம். தம்பி, அந்தச் செடி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது?

பிராம்ப்டனில் எங்கள் முதல் வீட்டில் முந்தின ஆட்கள் நட்ட வில்லோ ஒன்று இருந்தது. ஒரு நாள் அடித்தளத்தில் தரைச்சாக்கடை பின்னுக்குத் தள்ளியது. கமெரா விட்டுப் பார்த்தவர் திரையைக் காட்டினார். பழைய மண்குழாய், மூட்டு வழியாக உள்ளே போன வேர் குதிரைவால் மாதிரிக் கொத்தாகத் தண்ணீரில் அலைகிறது. கல்யாண வீட்டுக்கு என்று எடுத்துவைத்த காசு அதற்குப் போயிற்று.

அன்றிலிருந்து வில்லோ என்றாலே எனக்கு ஆகாது.

கதியால் | நவம்பர் 6

குழாய்க்காரருக்கு நடந்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த வில்லோ? ஐம்பது அடி உயரத் தொங்குவில்லோவையும் இந்தப் புதரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நல்ல பிவிசி குழாயை வேர் உடைக்காது. ஏற்கெனவே விரிசலும் கசிவும் இருந்தால்தான் தேடிப்போகும்.

குழாய்க்காரன் | நவம்பர் 6

உங்கள் வீட்டுக் குழாயில் விரிசல் இல்லை என்று யார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது? வேருக்குத் தண்ணீர் எங்கே என்று தெரியும், நமக்குத் தெரியாது. பத்து மீட்டர் தள்ளி நடுங்கள், எதை வேண்டுமானாலும் நடுங்கள்.

அயாக்ஸ்காரன் | நவம்பர் 7

இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள். நேற்று அளந்தேன். வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டர். கூரைத் தண்ணீர் வந்து விழும் இடம் என்பதால் அங்கே வைத்தேன், ஈரம் வேண்டும் என்றார்களே. அத்திவாரத்தைச் சுற்றிப் போகும் வடிகால் குழாயும் அந்தப் பக்கம்தான். இப்போது நித்திரை வருகுதில்லை.

மதுரைமல்லி | நவம்பர் 7

பதற வேண்டாம் தம்பி. அந்தச் செடியை நகர்த்தவே வேண்டாம், குச்சியை நகர்த்துங்கள். வில்லோ மாதிரிச் சுலபமாக வேர் பிடிக்கிற செடி கிடையாது. முருங்கைப் போத்து நட்டிருக்கிறீர்களா? அதைவிடச் சுலபம்.

வேர்விடும் ஹார்மோன் பொடி வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். வில்லோப் பட்டையிலேயே வேரைத் தூண்டும் சரக்கு இருக்கிறது. குச்சியை ஊறவைத்த தண்ணீரை மற்றச் செடிக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. ரோஜாக் குச்சிக்கு நானும் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றியதும் ஊற்றாததும் ஒரே மாதிரித்தான் போயின, அதாவது இரண்டும் செத்துப்போயின.

கதியால் | நவம்பர் 8

முருங்கையை விடுங்கள், என் பெயர் எதற்கு இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கிளுவங்கதியால், அதாவது துளிர்க்கிற கிளுவைத் தடி, நடுவோமே, அதே வேலைதான். பென்சில் பருமனுக்குக் குறையாத குச்சி, ஒரு முழ நீளம். அடியைச் சரிவாக, தலையை நேராக வெட்டினால் தலைகீழாக நடமாட்டீர்கள். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே இரண்டு மூன்று கணு போதும். மண் இளகியதும் ஏப்ரலில் செருகிவிட்டு முதல் கோடை மட்டும் காயவிடாமல் பார்த்தால் சரி. ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். களிமண்ணுக்கும் பயப்படாது, எங்கள் வீட்டு ஸ்கார்பரோ மண் சட்டி பானை செய்யலாம் போல இருக்கும்.

வேலியின் கோடியில், குழாய் இல்லாத பக்கம் பாருங்கள். தோண்டுமுன் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குச் சொன்னால் நிலத்தடியில் என்னென்ன ஓடுகிறது என்று இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள். ஆனால் அவர்கள் குறிப்பது பொதுச் சேவைக் கம்பி குழாய்களை. உங்கள் சொந்த வடிகாலை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இதில் குழாய்க்காரர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

குழாய்க்காரன் | நவம்பர் 8

👍

தேக்காராஜா | ஜனவரி 22

சிங்கப்பூரிலிருந்து குறுக்கே வருகிறேன். இங்கே இப்போது சீனப் புத்தாண்டுக் கடைகள் முழுக்க இந்தக் குச்சிதான். கட்டுக் கட்டாக, ஆளுயரத்துக்கு, சிலதில் பஞ்சுக்குச் சிவப்பும் பச்சையும் சாயம்கூட ஏற்றியிருப்பார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொன்னார், சீனத்தில் இதன் பெயரிலேயே வெள்ளி என்ற சொல் இருக்கிறது, அதனால் வீட்டுக்குப் பணம் வரும் என்று.

போன வருடம் பாட்டி கொடுத்த குச்சி ஜாடித் தண்ணீரிலேயே வேர் விட்டது. ஆசையாகத் தொட்டியில் வைத்தேன். இலை வந்தது. ஆனால் குளிர் இல்லாத ஊரில் இது பூக்குமா?

மதுரைமல்லி | ஜனவரி 22

பூக்காது ராஜா. குளிரில் வாரக்கணக்காகத் தூங்கி எழுந்தால்தான் தொப்பி கழலும். உங்கள் ஊரில் அதற்குத் தூக்கமே வராது. இலைக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். அயாக்ஸ் தம்பி, ஜனவரி முடியப் போகிறது. தப்பிய எட்டில் மூன்று குச்சியை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், வெளியே பூக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அடியைச் சரிவாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு, பிறகு ஜாடியில். ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் பஞ்சு வந்துவிடும்.

பஞ்சு வெள்ளியாக நிற்கிற கட்டத்திலேயே தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வெறும் ஜாடியில் வைத்தால் அப்படியே காய்ந்து வருடக்கணக்கில் இருக்கும். தண்ணீரிலேயே விட்டால் மஞ்சள் பொடி கொட்டும், மேசைத்துணி கெட்டுப்போகும், ஆனால் வேர் வரும். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அயாக்ஸ்காரன் | பிப்ரவரி 19

வந்துவிட்டது!!! படம் பாருங்கள். மனைவி "பூவரசு" என்ற பேச்சையே விட்டுவிட்டா. சின்ன மகள் ஒவ்வொரு மொட்டையும் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறாள், சிலது உதிர்ந்துவிட்டது, பரவாயில்லை. தண்ணீரிலேயே விடப் போகிறேன், வேர் வேண்டும்.

இன்னொரு செய்தி. வெளியே மிச்சமிருந்த ஐந்தில் இரண்டை முயல் தின்றுவிட்டது. குச்சியைக் கத்தியால் வெட்டினமாதிரிச் சரிவாகக் கடித்திருக்கிறது. அடியில் கம்பிவலை கட்டித்தான் இருந்தேன்.

கல்கரி_குளிர் | பிப்ரவரி 19

வலை எவ்வளவு உயரம்? பனி ஏற ஏற முயலும் ஏறும். இரண்டடி வலை, ஒன்றரை அடிப் பனி என்றால் அரையடி வலைதான் மிச்சம். அடுத்த வருடம் இடுப்பளவு கட்டுங்கள்.

குருநகர்ப்பெண் | பிப்ரவரி 24

படம் நல்ல வடிவு. எனக்கு இந்தச் செடி அறிமுகமானதே கோயிலால்தான். எங்கள் தெருவில் ஒரு போலந்து அம்மா இருக்கிறா. வந்த முதல் வருடம் குருத்தோலை ஞாயிறன்று நான் ஓலைச் சிலுவையோடு வந்தால் அவ கையில் பஞ்சுக்குச்சிக் கட்டு. அவர்கள் ஊரில் தென்னையும் இல்லை, ஈச்சையும் இல்லை. அந்தக் குளிரில் முதலில் உயிர் வருவது இதற்குத்தான், அதனால் ஓலைக்குப் பதில் இது. உக்ரேனியர்கள் அந்த ஞாயிறையே வில்லோ ஞாயிறு என்கிறார்களாம். எங்கள் வீட்டு மேசையில் இப்போது ஓலைச் சிலுவையும் பஞ்சுக்குச்சியும் ஒரே ஜாடியில்தான்.

அயாக்ஸ்காரன் | மார்ச் 9

சின்னக் குழப்பம். மதுரைமல்லி அக்கா மஞ்சள் பொடி கொட்டும் என்றீர்கள். மேசையில் ஒரு துளி பொடி இல்லை. மொட்டு நீண்டு, வெள்ளி போய், ஒருமாதிரிப் பச்சையாக, சின்னச் சின்ன முளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பளிப்புழு மாதிரி இருக்கிறது என்று மகள் இப்போது தொடமாட்டேன் என்கிறாள். நோயா?

தேனீக்காதலி | மார்ச் 9

நோய் இல்லை. உங்கள் செடி பெண்!

வில்லோவில் ஆண் தனி மரம், பெண் தனி மரம், பனை மாதிரி. மஞ்சள் பொடி உதிர்ப்பது ஆண். பெண்ணில் பச்சைச் சூலகம்தான் நீளும், பிறகு விதையோடு பஞ்சு பறக்கும். வெள்ளிக் கட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பார்த்துச் சொல்வது கஷ்டம். பெயர் போட்டு விற்கும் அலங்கார வகைகள் பெரும்பாலும் ஆண். டிஸ்கலர் சில இடங்களில் விதையிலிருந்து வளர்த்து விற்பார்கள், அதில் எது வரும் என்பது அதிர்ஷ்டம்.

ஒட்டாவாவில் நான் இதை வைத்திருப்பது நிறத்துக்காக அல்ல. ஏப்ரலில் பம்பிள் தேனீ ராணி மண்ணுக்குள்ளிருந்து பசியோடு தனியாக எழுந்து வரும். கூட்டம் இல்லை, கூடு இல்லை, வேறு பூவும் இல்லை. ஆண் வில்லோவில் மகரந்தமும் தேனும் உண்டு, பெண்ணில் தேன் மட்டும். வெயிலடிக்கும் மதியம் ஒன்றில் ஆண் செடிக்குக் கீழே நின்று பாருங்கள், செடியே முனகுவது போல இருக்கும். மண்ணில் வளை தோண்டும் சின்னத் தேனீக்களில் வில்லோ மகரந்தத்தைத் தவிர வேறெதையும் குஞ்சுக்குக் கொடுக்காதவையும் உண்டு.

ஒரு வேண்டுகோள். ஜூனில் முள் வைத்த கறுப்புப் புழுக் கூட்டம், முதுகில் சிவப்புப் புள்ளியோடு இலையைத் தின்றால் மருந்து அடிக்காதீர்கள். மோர்னிங் குளோக் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. அரக்குச் சிறகும் மஞ்சள் கரையுமாக, பனி முழுதாகக் கரையும் முன்பே பறக்கிற பூச்சி. ஒரு கிளை மொட்டையாகும், அவ்வளவுதான், திரும்பத் துளிர்த்துவிடும்.

அயாக்ஸ்காரன் | மார்ச் 10

அப்படியானால் ஜாடியில் வேர் விட்ட மூன்றும் பெண்தானே? ஒரே செடியின் குச்சி.

தேனீக்காதலி | மார்ச் 10

ஓம், மூன்றும் பெண். வெள்ளிப் பஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை, நடுங்கள். பக்கத்தில் ஒரு ஆணையும் வையுங்கள். பஞ்சு முடிந்த பிறகும் ஒரு வாரம் மஞ்சள் இருக்கும்.

அயாக்ஸ்காரன் | ஏப்ரல் 14

நிலவரம். வெளியே முயல் மிச்சம் வைத்த மூன்று குச்சியிலும் மொட்டு வந்தது. எண்ணினேன், மொத்தம் 41. சாயங்காலம் ஆறரை மணிக்கு வெயில் செடிக்குப் பின்னால் இறங்கும்போது கிரோய்டன்வாசி சொன்ன ஒளிவட்டத்தைப் பார்த்தோம். தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

இப்போதுதான் மனசு கேட்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் நிற்கும் இந்தப் பழைய செடியை எடுக்கத்தான் வேண்டுமா?

குழாய்க்காரன் | ஏப்ரல் 14

எடுக்கத்தான் வேண்டும்.

கதியால் | ஏப்ரல் 15

குச்சிகள் புது இடத்தில் வேர் பிடிக்கட்டும். அதுவரை இதைத் தரையோடு வெட்டி ஒரு வருடம் வைத்திருங்கள். மேலே இலை குறைந்தால் கீழே வேரும் அடக்கமாக இருக்கும். அடுத்த ஏப்ரலில் கட்டையை எடுத்துவிடுங்கள். ஒரு வருடத்தில் குழாய் உடையாது, என்ன குழாய்க்காரரே?

குழாய்க்காரன் | ஏப்ரல் 15

ஒரு வருடம். அதற்கு மேல் ஒரு நாள் கூடாது. தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

கதியால் | ஏப்ரல் 15

என்னிடம் இருப்பது ஆண். இந்த வாரம் வெட்டுகிறேன். ஆறு குச்சி ஈரப் பேப்பரில் சுற்றி வைக்கிறேன் தம்பி, சனிக்கிழமை காலை ஸ்கார்பரோ பக்கம் வந்தால் எடுத்துப் போகலாம். முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். தலை எது, கால் எது என்று பார்த்து நடுங்கள்.

அயாக்ஸ்காரன் | ஏப்ரல் 20

நட்டாயிற்று அண்ணா. வேலிக் கோடியில், வீட்டிலிருந்து பதினொரு மீட்டர், ஆண் ஆறு, பெண் மூன்று. ஈரம் போதாது என்று மழைநீர்ப் பீப்பாய் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். புல் வெட்டும் பையன் இன்று வந்தான். ஒன்பது குச்சியையும் பார்த்துவிட்டு, "அங்கிள், இதையெல்லாம் பிடுங்கிப் போடவா?" என்று கேட்டான்.